வீட்டு மின்சாரக் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடுகளில் கரண்ட் பற்றி எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் மூன்று கேள்விகளையும் படித்துவிட்டுப் போனால் மற்றவை சுலபமாகப் புரியும். இங்கே சொல்லியிருக்கும் அளவுகள் 230 வோல்ட் சப்ளையும் செம்பு வயரும் உள்ள வீடுகளுக்கானவை.

1. எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒண்ணுதானே? பாக்ஸில் எதுக்கு ரெண்டும்?

ஒன்றல்ல. இரண்டும் கரண்ட்டைத் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்சுகள், காப்பதுதான் வேறு. எம்.சி.பி. காப்பது வயரை. வயர் தாங்கும் அளவைத் தாண்டிக் கரண்ட் ஓடினால் அது விழும், அதாவது கரண்ட்டைத் துண்டிக்கும். அதற்குள் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஓவர்லோடு ஆனால் உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை மெல்லச் சூடாகி வளைந்து தட்டிவிடும். ஷார்ட் ஆனால், அதாவது கரண்ட் வரும் வயரும் திரும்பும் வயரும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால், கம்பிச் சுருள் (காயில்) ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துவிடும். 16 ஆம்ப் எம்.சி.பி. 17 ஆம்ப் ஓடியதும் விழுந்துவிடாது. 18 ஆம்ப் வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்கலாம், சுமார் 23 ஆம்ப் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அப்படித்தான் அதை வடிவமைக்கிறார்கள்.

ஆர்.சி.சி.பி. காப்பது மனிதரை. ஃபேஸில் (கரண்ட் வரும் வயர்) போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் (அது திரும்பும் வயர்) திரும்புகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கான 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி., அந்த அளவு கரண்ட் உடல் வழியாகவோ எர்த் (மண்ணுக்குப் போகும் வயர்) வழியாகவோ வெளியேறினால் 0.3 நொடிக்குள் துண்டிக்கும். ஓவர்லோடு ஆனாலும் ஷார்ட் ஆனாலும் அது கண்டுகொள்ளாது. அதனால்தான் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் ஒருவர் பிடித்தால், உடலை அது இன்னொரு பல்பாகத்தான் பார்க்கும். விழாது.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' (T) என்று ஒரு பட்டன் இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கரண்ட் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லை என்றால் அதை மாற்றியாக வேண்டும்.

2. எந்த வயருக்கு எத்தனை ஆம்ப் போடணும்?

வீட்டுப் பைப் வயரிங்கில் பொதுவாக இப்படி: லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. வயர், 6 அல்லது 10 ஆம்ப் எம்.சி.பி. பவர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மி.மீ., 16 ஆம்ப். ஏ.சி.க்கும் பெரிய வாட்டர் ஹீட்டருக்கும் 4 சதுர மி.மீ., 20 ஆம்ப். ஒரே பைப்பில் பல வயர்கள் நெருக்கமாக ஓடினாலும், வெயில் காயும் மொட்டைமாடித் தளத்துக்குள் பைப் போனாலும் வயரின் தாங்குதிறன் குறையும். அங்கே ஒரு அளவு பெரிய வயர் போடுவது நல்லது.

கணக்கு சுலபம்: வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்ப். 2000 வாட்ஸ் ஹீட்டர் 8.7 ஆம்ப் எடுக்கும், 3000 வாட்ஸ் 13 ஆம்ப். ஒரு லைனில் சேர்ந்து ஓடுபவற்றின் மொத்த ஆம்ப் எம்.சி.பி.யின் ஆம்பைவிடக் குறைவாகவும், எம்.சி.பி.யின் ஆம்ப் வயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இந்த வரிசை கலைந்துபோன வீடுகளில்தான் சுவருக்குள்ளேயே வயர் கருகுகிறது.

3. கை வைக்கிறதுக்கு முன்னாடி கரண்ட் இல்லைன்னு எப்படி உறுதி பண்றது?

ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்விட்ச் ஃபேஸில்தான் இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை (கேள்வி 11-ஐப் பாருங்கள்). மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக நிறுத்துங்கள். மெயின் இறங்கியதும் இன்வெர்ட்டர் தானாக எழுந்து அதே வயரில் 230 வோல்ட்டை அனுப்பும். இதனால் விபத்து நேரலாம்.

பிறகு டெஸ்டர். மெயினை இறக்குவதற்கு முன்பே கரண்ட் இருக்கும் ஒரு சாக்கெட்டில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். இறக்கிய பின் வேலை செய்யப்போகும் இடத்தில் எல்லா வயரிலும் வையுங்கள். வேலையைத் தொடங்குமுன் கரண்ட் உள்ள இடம் வேறு கிடைத்தால் அங்கே மறுபடி ஒருமுறை வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருந்தால் இந்த மூன்றாவது சோதனையில்தான் அது தெரியவரும். நியான் டெஸ்டர் உங்கள் உடல் வழியாக எரிவது. காய்ந்த மர ஸ்டூல் மேல் ரப்பர் செருப்புடன் நின்றால் கரண்ட் இருந்தும் மங்கலாகத் தெரியலாம். மல்டிமீட்டர் இருந்தால் அதையே நம்புங்கள்.

4. ஒரு ரூமில் மட்டும் கரண்ட் இல்லை. மத்த இடமெல்லாம் எரியுது. என்ன பார்க்கணும்?

முதலில் அந்த அறையின் எம்.சி.பி. விழுந்த எம்.சி.பி.யின் நாக்கு சில சமயம் முழுதாக இறங்காமல் நடுவில் நிற்கும். அதை அப்படியே மேலே தள்ளினால் பிடிக்காது. முழுவதும் கீழே அழுத்திவிட்டு மேலே தள்ளுங்கள்.

எம்.சி.பி. சரியாக நிற்கிறது, ஆனால் அறையில் ஒன்றும் ஓடவில்லை என்றால் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டரை வையுங்கள். எதிலும் எரியாவிட்டால் ஃபேஸ் அறுந்திருக்கிறது. இரண்டிலும் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. பலர் இங்கேதான் குழம்பி, இரண்டு ஃபேஸ் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். நடப்பது வேறு: ஆன் ஆகியிருக்கும் ஏதோ ஒரு பல்பு அல்லது ஃபேன் வழியாக ஃபேஸ் உள்ளே போய், திரும்ப வழியில்லாமல் நியூட்ரல் வயரில் நிற்கிறது. மல்டிமீட்டரை இரண்டு துளைக்கும் நடுவே வைத்தால் பூஜ்யம் அல்லது அதற்கு மிக அருகில் காட்டும். இந்த நிலையில் நியூட்ரல் வயரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். அறுந்த இடம் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஸ்விட்ச் போர்டிலோ ஜங்ஷன் பாக்ஸிலோ உள்ள ஜாயின்ட்தான்.

5. எம்.சி.பி.யைத் தூக்கினா நிக்கவே மாட்டேங்குது.

எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. தூக்கியதும் சடாரென்று விழுந்தால் ஷார்ட். ஐந்து, பத்து, இருபது நிமிடம் கழித்து விழுந்தால் ஓவர்லோடு.

அந்த லைனில் இருக்கும் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டு எம்.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால் வயரிங் பெரும்பாலும் சரி. ஒவ்வொன்றாக ஆன் செய்து வாருங்கள், எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான். எல்லாம் அணைந்திருந்தும் சடாரென்று விழுந்தால் கோளாறு சுவருக்குள் ஓடும் வயரில் அல்லது போர்டுக்குப் பின்னால். அதற்கு எலக்ட்ரீஷியன் வர வேண்டும். ஷார்ட் ஆன லைனைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாய்கிறது. கோளாறு உள்ள இடமும் எரியும், எம்.சி.பி.யின் முனைகளும் தேயும்.

6. அடிக்கடி விழுது, தொல்லையா இருக்கு. பெரிய ஆம்ப் மாத்திடலாமா?

கூடாது. கேள்வி 2-இல் சொன்ன வரிசை அங்கேயே உடைந்துவிடும். 1.5 வயர் போட்ட லைனில் 32 ஆம்ப் எம்.சி.பி. மாட்டினால் விழுவது நிற்கும். அப்புறம் சூடு முழுவதையும் வயர்தான் வாங்கிக்கொள்ளும். பழைய ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பதும் இதே தவறுதான். லோடைப் பிரித்து ஹீட்டருக்கோ ஏ.சி.க்கோ டி.பி.யிலிருந்து (எம்.சி.பி.க்கள் இருக்கும் பாக்ஸ்) தனி லைன் இழுப்பதுதான் தீர்வு.

ஒரே ஒரு விதிவிலக்கு. மோட்டார் எழும்பும் நொடியில் மட்டும் விழுந்து, ஓடத் தொடங்கிவிட்டால் விழாமல் இருந்தால், 'பி' வகை எம்.சி.பி. இருக்கிறதா பாருங்கள். அது தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். ஆம்பை மாற்றாமல் வகையை மட்டும் மாற்றினால் போதும்.

7. ஆர்.சி.சி.பி. விழுந்து வீடே இருட்டாயிடுது. எதனாலன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கியதும் விழுகிறதோ அந்த லைனில் லீக்கேஜ், அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. அந்த லைனின் பிளக்குகளைப் பிடுங்கி மறுபடி பார்த்தால் சாதனமா, வயரிங்கா என்று தெரிந்துவிடும். இங்கே ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். காரணம் அடுத்த பதிலில்.

ஈரமும் சூடும் சேரும் இடங்களில்தான் அதிகம் மாட்டும்: வாட்டர் ஹீட்டரின் எலமென்ட், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜின் பனி உருக்கும் ஹீட்டர், வாசல் விளக்கு. ஹீட்டர் போட்டுச் சில நிமிடம் கழித்து விழுந்தால் எலமென்ட்டின் உறையில் மயிரிழை விரிசல் இருக்கலாம், சூடேறி விரியும்போதுதான் லீக் ஆகும். மழை பெய்தால் மட்டும் விழுந்தால் வெளிச்சுவரின் லைட் ஹோல்டர்களையும் மொட்டைமாடிப் பைப்பையும் பாருங்கள். ஒன்றுமே தனியாக மாட்டாமல் அவ்வப்போது விழுந்தால், பல சாதனங்களின் சிறு சிறு லீக்கேஜ் கூடிச் சேர்ந்திருக்கலாம். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்பதை மறக்க வேண்டாம். வீட்டு லைன்களை இரண்டு மூன்று ஆர்.சி.சி.பி.க்களாகப் பிரித்தால் இது தீரும், ஒன்று விழுந்தால் மொத்த வீடும் இருளாது.

விழுகிறதே என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். லீக்கேஜ் அங்கேயேதான் இருக்கும். அடுத்து அது போகும் வழி ஒரு ஆளின் உடலாக இருக்கலாம்.

8. பழுதான லைனோட எம்.சி.பி.யை இறக்கிட்டேன். அப்பவும் ஆர்.சி.சி.பி. விழுதே, எப்படி?

அனுபவசாலிகளையும் அலையவிடும் கோளாறு இது. வீடுகளில் உள்ள எம்.சி.பி. பெரும்பாலும் ஃபேஸை மட்டும் துண்டிக்கும். நியூட்ரல், லிங்க்கில் (எல்லா நியூட்ரல் வயரும் சேரும் பட்டை) அப்படியே இணைந்திருக்கும். அந்த லைனின் நியூட்ரல் வயர் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், மற்ற அறைகளிலிருந்து திரும்பும் நியூட்ரல் கரண்ட்டில் ஒரு பங்கு அந்தத் தொடுப்பு வழியாக எர்த்துக்குப் போய்விடும். ஆர்.சி.சி.பி.க்குக் கணக்கு உதைக்கும், விழும். அடையாளம் இதுதான்: லோடு குறைவாக இருக்கும்போது நிற்கும், வேறு லைனில் அயர்ன் பாக்ஸோ ஏ.சி.யோ போட்டதும் விழும். ஒற்றை ஸ்விட்சை அணைத்தாலும் சாதனத்தின் நியூட்ரல் இணைந்தே இருப்பதால்தான் போன பதிலில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னோம்.

எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கிவிட்டு, நியூட்ரல் லிங்க்கில் இருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கரால் (வயரின் காப்பைச் சோதிக்கும் மீட்டர்) அளப்பார். அதற்கு முன் அந்த லைனின் சாதனங்களைப் பிடுங்கிவிட வேண்டும். 1 மெகா ஓமுக்கு மேல் காட்டினால் நல்ல வயர். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டுவதுதான் குற்றவாளி. போர்டை மூடும்போது திருகுக்கு நடுவே நசுங்கிய நியூட்ரல் வயர் இதற்குச் சாதாரணமான காரணம்.

9. பிளக் சூடாகுது, லேசா கருகல் வாடை வருது. ஆனா எம்.சி.பி. விழலையே?

விழாது. இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான பதில் இதுதான். லூஸ் கான்டாக்ட்டில் கரண்ட் கூடுவதில்லை. சாதனம் எடுக்கும் அதே ஆம்ப்தான் ஓடுகிறது. எர்த்துக்கும் எதுவும் கசியவில்லை. ஆகவே எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டுக்குமே அது தெரியாது. கரண்ட்டை அதே கரண்ட்டால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் பிறக்கும் சூடு: 0.2 ஓம் தடையுள்ள ஜாயின்ட்டில் 10 ஆம்ப் ஓடினால் 20 வாட்ஸ், 13 ஆம்ப் ஓடினால் 34 வாட்ஸ். சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் செருகிவைத்தது போல. சூட்டில் செம்பு கறுத்துத் தடை இன்னும் கூடும், சூடும் கூடும்.

உடனே அந்த சாக்கெட்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். சரிசெய்யும்போது சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருமுறை கருகிய சாக்கெட்டின் பித்தளை நாக்கு பிடிமானத்தை இழந்திருக்கும், புதுப் பிளக்கையும் சில வாரங்களில் கெடுத்துவிடும். வயரின் கறுத்த பகுதியைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி எறிந்து, இழைகள் எல்லாவற்றையும் முறுக்கி உள்ளே விட்டுத் திருகுங்கள். இழுத்துப் பார்த்தால் அசையக் கூடாது. வயர் முனையில் ஈயம் பூசித் திருகுவது வேண்டாம். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கித் திருகு மறுபடி லூஸ் ஆகும்.

இன்னொன்று: 6 ஆம்ப் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு போன்றவற்றை ஓட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே பெரிய லோடு கொடுப்பதும் ஆபத்து, சுருளுக்குள் சூடு தேங்கும்.

10. ஃபேன் மெதுவா சுத்துது. சில சமயம் கையால தள்ளிவிட்டாத்தான் ஓடுது.

கெப்பாசிட்டர் தேய்ந்திருக்கிறது. கன்டென்சர் என்றும் சொல்வார்கள். சாதாரண சீலிங் ஃபேனுக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட், சிலவற்றில் 3.15. பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் அதே அளவையும், குறைந்தபட்சம் அதே வோல்ட்டேஜையும் (பெரும்பாலும் 440) வாங்குங்கள். காற்று கூடும் என்று அதிக மைக்ரோ ஃபாரட் போட்டால் காயில் சூடாகும். கழற்றுமுன் மெயினை இறக்கி, அதன் இரு முனைகளையும் காப்பிட்ட பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டு மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். மாற்றியபின் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றினால் அதன் வயர் இடம் மாறி இணைந்திருக்கிறது.

புது கெப்பாசிட்டர் போட்டும் மெதுவாக ஓடினால் ரெகுலேட்டரைத் தவிர்த்து நேரடியாக இணைத்துப் பாருங்கள். அதிலும் மெதுவென்றால் பேரிங். எலக்ட்ரானிக் சர்க்யூட்டால் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது, அவற்றில் இந்தக் கெப்பாசிட்டரே இல்லை.

11. ஸ்விட்சை அணைச்ச பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலா எரியுது.

மூன்று காரணங்கள். ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கலாம். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கிறது. பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும், உடனே சரிசெய்ய வேண்டியது இது ஒன்றுதான். இரண்டாவது, இருட்டில் மினுக்கும் நியான் விளக்கு உள்ள ஸ்விட்ச், அதன் வழியே துளிக் கரண்ட் போகும். மூன்றாவது, நீளமாகப் பக்கத்தில் ஓடும் வயர்களுக்கிடையே தூண்டப்படும் மின்சாரம்.

ஸ்விட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் முதல் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், மங்கலாக எரிந்தால் மற்றவை.

12. எல்.இ.டி. பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகுது.

பெரும்பாலும் சூடுதான் காரணம். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் போட்டால் அதன் டிரைவர் (பல்புக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட்) சீக்கிரம் சாகும். ஒரே ஹோல்டரில் மட்டும் என்றால் ஹோல்டரின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வீடு முழுவதும் என்றால் வோல்ட்டேஜை அளந்துவிட்டு, கேள்வி 15-ஐப் படியுங்கள்.

13. ஃப்ரிட்ஜைத் தொட்டா சுருக்குன்னு இருக்கு. கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான். பயப்படணுமா?

பயப்படத்தான் வேண்டும். கம்ப்யூட்டர் போன்றவற்றின் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் சாதனத்தின் உலோக உடல் பாதி வோல்ட்டேஜில், ஏறக்குறைய 115-இல், மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் அது சொல்லும் செய்தி முக்கியம்: உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை. நாளை ஃப்ரிட்ஜுக்குள் ஃபேஸ் வயர் அதன் உலோக உடலைத் தொட்டால் அப்போது வருவது 230.

ஷாக் பலமாக இருந்தால் எர்த் இல்லாததோடு லீக்கேஜும் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் சரிசெய்யாமல் ஓட்ட வேண்டாம். யாரையாவது ஷாக் பிடித்துக்கொண்டால் வெறும் கையால் இழுக்காதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளி விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் அவசர உதவியை அழைத்துவிட்டு நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்குங்கள்.

14. எர்த் இருக்கான்னு நானே பார்க்க முடியுமா? இல்லைன்னா நியூட்ரலையே எர்த் பின்னோட சேர்த்துடலாமான்னு ஒருத்தர் சொன்னார்.

மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். மூன்று துளை சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸ்–எர்த் குறைவாகவோ நிலையில்லாமல் ஆடியோ காட்டினால் எர்த் அறுந்திருக்கிறது. சரியாகக் காட்டினாலும் எர்த் பலமானது என்று ஆகிவிடாது. மீட்டர் எடுக்கும் கரண்ட் மிகச் சிறியது, துருப்பிடித்த எர்த்தும் அதற்குப் போதும். உண்மையான தடையை எர்த் டெஸ்டரால்தான் அளக்க வேண்டும்.

சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்ப்பது உயிரோடு விளையாடுவது. கேள்வி 4-இல் பார்த்தது போல் நியூட்ரல் ஒருநாள் அறுந்தால், ஃபேஸ் திரும்பி வந்து நியூட்ரலில் நிற்கும். அது எர்த் பின் வழியாக ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாவற்றின் உலோக உடலுக்கும் ஏறிவிடும். எர்த் இல்லாமல் இருப்பதைவிட இது மோசம்.

15. திடீர்னு சில லைட் ரொம்பப் பிரகாசமாகவும் சிலது மங்கலாகவும் எரியுது.

படிப்பதை நிறுத்திவிட்டு மெயினை இறக்குங்கள். த்ரீ ஃபேஸ் சப்ளையில் பொது நியூட்ரல் அறுந்தால் நடப்பது இது. மூன்று ஃபேஸின் லோடும் நியூட்ரல் இல்லாமல் ஒன்றோடொன்று இழுபடும். லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்ட்டேஜ் 400-ஐ நெருங்கும் வரைகூட ஏறலாம், டி.வி., சார்ஜர், ஃப்ரிட்ஜ் போர்டு எல்லாம் சில நொடிகளில் போய்விடும். சிங்கிள் ஃபேஸ் வீட்டிலும் தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீடு முழுவதும் ஒருசேரப் பிரகாசமாகும் அல்லது மங்கும். சப்ளை தரும் மின் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் தங்கள் பக்கத்தைப் பார்த்து, உங்கள் மெயின் ஸ்விட்ச்சின் நியூட்ரல் திருகையும் எலக்ட்ரீஷியன் இறுக்கிய பிறகே தூக்குங்கள். இந்த நிலையில் எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. ஓவர் வோல்ட்டேஜ் துண்டிப்பான் ஒன்றை மெயினுக்கு அடுத்து வைப்பதுதான் பாதுகாப்பு.

16. இன்வெர்ட்டர் வச்சதிலிருந்து ஆர்.சி.சி.பி. விழுது. இன்வெர்ட்டர் பழுதா?

பெரும்பாலும் இன்வெர்ட்டரில் குறை இருக்காது, இணைத்த விதத்தில்தான் இருக்கும். ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து எடுத்து, அதே லைன்களின் நியூட்ரலை அதற்குப் பின்னால் உள்ள பொது லிங்க்கில் சேர்த்திருந்தால் போன கரண்ட்டும் வந்த கரண்ட்டும் ஒத்துப்போகாது. இன்வெர்ட்டரில் ஓடும் லைன்களுக்கு நியூட்ரலைத் தனியாகப் பிரித்து, அதன் ஃபேஸ் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

17. எல்லாத்தையும் அணைச்சிட்டேன். மீட்டர்ல சிவப்பு லைட் மினுக்கிட்டே இருக்கு.

மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்றால், நிமிடத்துக்கு ஒரு மினுக்கல் வருவது சுமார் 19 வாட்ஸ் ஓடுவதற்குச் சமம். டி.வி., செட்டாப் பாக்ஸ், மோடம், இன்வெர்ட்டர் சார்ஜ் ஆகியவை அணைந்தது போல் இருந்தபடியே இவ்வளவு எடுக்கும்.

இப்போது மெயினை இறக்குங்கள். மினுக்கல் நின்றால் எடுப்பது உங்கள் வீட்டுக்குள். எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தால் எந்த லைன் என்று தெரியும். மெயின் இறங்கியும் மினுக்கினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ இழுக்கிறார்கள், அல்லது அங்கே லீக்கேஜ், அல்லது மீட்டரே பழுது. அந்தப் பகுதியில் நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ கை வைக்க வேண்டாம். அங்கே உங்கள் பாக்ஸில் உள்ள எந்த எம்.சி.பி.யும் காவல் இல்லை, மீட்டரின் முத்திரையை (சீல்) உடைக்கும் உரிமையும் மின் அலுவலகத்துக்கு மட்டுமே. மினுக்கலை எண்ணி நேரத்தோடு குறித்து எடுத்துப்போய் எழுத்தில் புகார் கொடுங்கள்.